மன்றமும் முதியோரும்: ஆனைக்குட்டம் வட்டாரத்தில் ஓய்வு மாறிய வரலாறு

பகைவர் நாடு பாழ்பட்ட நிலையைக் கூற வந்த மருதன் இளநாகனார் இடிந்த மதிலையும் தூர்ந்த அகழியையும் காட்டவில்லை. பலி நின்றுபோன பொதியிலையும், அங்கே நரைத்த முதியோர் வல்லாடியதால் குழிந்த இடங்களையும், அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுவதையும் காட்டினார். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டில் வருவது இக்காட்சி. அகநானூற்று 377ஆம் பாட்டிலும் இதனையொத்த காட்சி உண்டு. தலை நடுங்கும் முதியோர் குனிந்து நோக்கி ஆடிய வல்லினைச் சிதல் அரித்துவிட்டது என்கின்றது அது. ஓர் ஊர் உயிரோடிருக்கின்றதா என்று காண்பதற்கு அவ்வூர் முதியோரின் பொழுதுபோக்கினையே சான்றோர் அளவுகோலாகக் கொண்டனர் என்று கூறுதல் மிகையாகாது.

வல் என்னும் சொல்லின் முன் நாய், பலகை என்னும் சொற்கள் வருமிடத்து நேரும் மாற்றத்திற்கு எழுத்ததிகாரத்திலே தனி நூற்பா செய்தார் தொல்காப்பியர். வல்லுநாய் என்பதோடு வல்லநாய் என்பதும், வல்லுப்பலகை என்பதோடு வல்லப்பலகை என்பதும் அமையும் என்பது அதன் கருத்து. ஆடுகாய்க்கும் ஆடுபலகைக்கும் புணர்ச்சி விதி வகுக்க வேண்டிய அளவிற்கு அவ்வாட்டம் வழக்கில் ஊன்றியிருந்தது. (நாய் என்பது ஈண்டு ஆடுகாய், விலங்கன்று. வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் நகைப்பதுண்டு.) காய் வைத்து வைத்துத் தரை குழிய வேண்டுமாயின் ஒரு தலைமுறையேனும் அவ்விடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். அமர்வதற்கு இடமும், அமரப் பொழுதும், அமர்ந்தாரை மதிக்கும் ஊரும் ஒருங்கே வாய்த்த காலத்தின் அடையாளம் அக்குழி. இம்மூன்றும் அண்மைக் காலத்தில் எவ்வாறு ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன என்பதை ஒரு சிறு வட்டாரத்தை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் கொண்ட வட்டாரம் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலம்; நடுவாகக் கொண்ட ஊர் ஆனைக்குட்டம். குட்டம் என்பது ஆழத்தையும் ஆழமான நீர்நிலையையும் குறிக்கும் பழஞ்சொல். ஆனை என்னும் முன்னொட்டு விலங்கினைக் குறித்ததோ, ஆனைநெருஞ்சி என்பதிற்போலப் பெருமைப் பொருளில் வந்ததோ, எங்ஙனமாயினும் நீர் குறைந்த நாட்டில் நீரால் பெயர்பெற்ற ஊர் இது. அருச்சுனா ஆற்றின் குறுக்கே இங்குக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் விருதுநகரத்தார்க்குக் குடிநீர் தருகின்றது. அவ்வாறு மேலும் கிழக்கே சென்று இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடுகின்றது.

இவ்வட்டாரத்து மன்றத்திற்குப் பழைய சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வரும் தங்கால், சிவகாசியை அடுத்த திருத்தங்கலே எனக் கொள்வர். அவ்வூரில் அரசமரத்து மன்றம் ஒன்றனடியிலே தண்டும் குடையும் சிறு மூட்டையும் இறக்கிவைத்து வழிநடை வருத்தம் தீர அமர்கின்றான் பராசரன். ஆடிக்கொண்டிருந்த சிறுவர் அவனைச் சூழ்கின்றனர். அவன் அவர்களை மறை ஓதச் செய்கின்றான். மழலை நாவினும் பிழையாது ஓதிய சிறுவனுக்கு அணிகலன்களை ஈகின்றான். அப்பரிசே அச்சிறுவனின் தந்தை வார்த்திகன் சிறைப்படக் காரணமாகின்றது என்னும் கதைப்போக்கு அறிஞர் அறிந்ததே. நமக்கு வேண்டுவது அதன் முற்பகுதி. மன்றத்தில் பெரியவன் அமர்ந்திருக்கின்றான். சிறுவர் தாமாக வந்து சேர்கின்றனர். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கின்றனர். இளநாகனார் காட்டிய மன்றத்தில் முதியோர்க்கு முதியோரே துணை. தங்கால் மன்றத்திலோ இரு பருவத்தார் கூடினர். பிற்காலத்துச் சாவடிகளும் மடங்களும் கோயில் முன்றில்களும் இவ்விரு பயனையும் ஏற்றன. ஆடுபுலி ஆட்டத்திற்குக் கீறிய கோடுகளைப் பழைய மண்டபத் தளங்களில் இன்றும் காணலாம். கேட்ட சிறுவர் கூட்டத்தின் தடம் கல்லிற் பதிவதில்லை.

கரிசற்காட்டு மானாவாரி உழவன் ஓய்ந்திருந்த காலம் எது? வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை மாசியில் தானியம் அறுத்து, பருத்தி எடுத்து முடிக்குங்கால் பங்குனி பிறந்துவிடும். பின்னர் ஆடி வரையில் கம்பும் சோளமும் விளைந்த காடு வெறுங்காடு. கோயிற் கொடைகளும் திருமணங்களும் கூத்தும் கதை கேட்டலும் இக்கோடையிலே நிகழ்ந்தன. ஊர் முழுதும் ஓய்ந்திருந்தமையால் முதியோர் தனியே ஓய்வு பெற்றவர் என்னும் நிலை இல்லை. வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவர், களத்துக்குக் காவல் இருப்பவர், பேரப்பிள்ளையைத் தோளில் சுமப்பவர், மழைக்குறி பார்ப்பவர் எனச் சாவடியில் இருந்தவர்க்கு இருந்த இடத்திலேயே பல கடமைகள் இருந்தன. ஓய்வு என்று ஒன்று வேலையினின்றும் பிரிந்து நிற்கவில்லை என்க.

இவ்வட்டாரத்தில் இரவுக் கதைகளுள் தலைமை பெற்றது நல்லதங்காள் கதை. வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. ஆதலின் கேட்போர்க்கு அது பிற நாட்டுக் கதையன்று; பஞ்சமும் பசியும் தம் பாட்டன் கண்டவை. பெரிய எழுத்துப் புத்தகத்தை எழுத்தறிந்தார் ஒருவர் விளக்கொளியில் இராகமிட்டுப் படிக்க, எழுத்தறியாத முதியோர் அடுத்த அடியைத் தாமே முன்னதாகச் சொல்லிவிடுவது வழக்கம்.

இந்நிலை மாறியதற்குத் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் காரணங்காட்டுதல் இன்று நிலைபெற்றுவிட்ட கொள்கை. நாட்டார் வழக்காற்றைத் தொகுக்கச் செல்வோர் பலர் தம் முன்னுரையில் இதனை எழுதுகின்றனர். இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை இக்கொள்கை காலமுறைக்கு ஒவ்வாது என்பது எம் கருத்து. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல். சிற்றூர்களுக்கு அது எட்டியது அதற்கும் பிற்பட. ஆனால் கதை கேட்கும் சிறுவர் சாவடியை விட்டு அகன்றது அதற்குப் பன்னெடு நாட்களுக்கு முன்பே ஆகும்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டனர். அடுத்த ஆண்டில் சிவகாசியில் அத்தொழில் காலூன்றியது. விருதுபட்டி என்னும் ஊர் விருதுநகர் எனப் பெயர் மாறியதும் அதே 1923இல்தான். 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. மழையின்மையே இத்தொழிலுக்கு முதலாயிற்று. நனைந்த குச்சியும் மருந்தும் உலர வெயில் வேண்டும். வெயிலோ இங்கு விலையின்றிக் கிடைத்தது. இதன் விளைவை அறிஞர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. மானாவாரி உழவு மழையில் உழைத்துக் கோடையில் ஓய்ந்தது. பட்டாசுத் தொழில் கோடையில் உழைத்து, தீபாவளி கழிந்து மழையில் ஓய்கின்றது. முதியோர் பழகிய ஆண்டு வட்டமும் இளையோர் புகுந்த ஆண்டு வட்டமும் நேர்மாறாயின. சாவடியில் கூட்டம் சேர வேண்டிய பங்குனி சித்திரையில் ஊரில் ஆளில்லை. ஆள் வீடு திரும்பும் கார்த்திகையில் காட்டிலே களையெடுப்பு. ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்காட்டிகள் நடந்தன.

முதலில் ஆலைக்குச் சென்றோர் வளர்ந்தோர் மட்டுமல்லர். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் விரைந்தன என்பதால் சிறுவர் சிறுமியரை விடியுமுன் வண்டிகள் ஊர் ஊராக வந்து ஏற்றிச் சென்றன. 1980களில் இக்கொடுமை நாடறிந்த செய்தியாயிற்று. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவர் பொருட்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி அமர்த்திய சிறுவர் ஒவ்வொருவர்க்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளைப் பணித்தது. கூலியையும் கல்வியையும் உடல்நலத்தையும் பற்றி இவ்வழக்கை ஒட்டி எழுதப்பட்டவை மிகப் பல. இருள் பிரியுமுன் சென்று இருள் கவிந்தபின் வந்து உறங்கிவிடும் பிள்ளைக்குப் பாட்டன் எப்பொழுது கதை சொல்வான் என்பதை எண்ணியோர் சிலரே. சொல்வோர் சாவடியில் இருந்தனர். கேட்போர் ஆலையில் இருந்தனர். தொலைக்காட்சி வந்தபோது அது வென்றது ஒரு வெற்றிடத்தை.

பிற மாவட்டங்களோடு ஒப்பிட்டால் இவ்வட்டாரத்தின் தனித்தன்மை மேலும் விளங்கும். இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் மகன் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிடுகின்றான். முதியோரின் தனிமை ஆண்டுக் கணக்கினது. இங்கோ மகனும் மருமகளும் மாலைதோறும் மீள்கின்றனர். முதியோரின் தனிமை பகற்றனிமை. வீட்டில் எல்லோரும் உளர். காலை எட்டு மணிக்கு மேல் ஒருவரும் இலர். இத்தகைய தனிமையைக் கணக்கெடுப்புகள் காட்டா. பிள்ளைகளோடு வாழ்பவர் என்னும் பத்தியில் இவரை அடைத்துவிடும்.

வானொலிக் காலத்தைப் பற்றிச் சுருங்கக் கூறிச் செல்லலாம். திருச்சி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் தோன்றின. ஊராட்சி வானொலிப் பெட்டி பொது இடத்தில் இருந்தமையால் மன்றத்தைக் கலைக்கவில்லை. கூட்டிற்று என்றே கூறலாம். 1942இல் மதுரையில் தோன்றிய தினத்தந்தியைத் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டதும் பெரிய எழுத்துப் புத்தகம் படித்த முறையின் தொடர்ச்சியே. மாற்றம் நேர்ந்தது பெட்டி வீட்டினுள் புகுந்தபோது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசைகளுக்கும் அது எட்டியது. வெளியே அமர்ந்திருந்த முதியவர் உள்ளே அழைக்கப்பட்டார்; ஆயினும் எதைக் காண்பது என்று தீர்மானிப்பவர் அவரல்லர்.

இதுகாறும் கூறியவை யாவும் ஆடவரைப் பற்றியவை என்பதை ஊன்றிப் படிப்போர் உணர்ந்திருப்பர். இக்குறை எம்முடையது மட்டுமன்று. நம் சான்றுகளின் குறையுமாகும். பொதியிலில் வல்லாடிய நரைமூதாளரைப் பாட்டுகள் காட்டின. அப்பொழுது அவர்தம் மனைவியர் எங்கிருந்தனர் என்று அப்பாட்டுகள் கூறவில்லை. சாவடித் திண்ணை பெண்ணுக்கு இருக்கையாக இருந்ததில்லை. பல்லாங்குழியும் தாயமும் வீட்டகத்தே, வேலை முடிந்த சிறு பொழுதில் ஆடப்பட்டவை. முதுமை வந்தபின்னும் அவள் உலையும் தொட்டிலும் ஓயவில்லை. தீப்பெட்டித் தொழில் வந்தபோது அவள் ஆலைக்குச் செல்லவில்லை. ஆலை அவள் திண்ணைக்கு வந்தது. 144 பெட்டி கொண்டது ஒரு குரோசு. குரோசுக்கு இவ்வளவு எனக் கூலி. பசைக் கிண்ணத்தைச் சுற்றி நாலைந்து மூதாட்டியர் அமர்ந்து பெட்டி ஒட்டினர். பட்டாசு பெருகியபின் காகிதக் குழாய் உருட்டினர். கை வேலையில் இருக்க வாய் ஓய்ந்திருக்க வேண்டுவதில்லை. சாவடியில் அறுந்த கதை இத்திண்ணையில் சிறிது காலம் தொடர்ந்தது என்று கருதுகின்றோம். இதனை ஓய்வென்பதா உழைப்பென்பதா என்று வினவினால், இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் அப்பெண்களிடம் இல்லை என்பதே விடை. எந்திரங்கள் வந்து கைத்தொழில் சுருங்கவே அத்திண்ணையும் வெறிதாகத் தொடங்கிற்று.

உழைக்க இயலாத முதுமை எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. நோயிற் கிடந்து தேறாத முதியோரின் இறப்பினைக் குடும்பத்தாரே விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் தென்மாவட்டச் சிற்றூர்களில் இருந்தது. 2010இல் விருதுநகர் மாவட்டத்து முதியவர் ஒருவர் இதற்கஞ்சி வீட்டைவிட்டு ஓடியபோது அது செய்தித்தாள்களில் வெளிப்பட்டது. அன்பின்மையே இதற்குக் காரணம் எனின் ஆராய்ச்சி எளிதில் முடிந்துவிடும். நாட்கூலி இழந்து உடனிருந்து பேண இயலாத வறுமையும், பேணுதற்குரிய மருத்துவம் ஊரில் இன்மையும் அவ்வழக்கத்தின் பின்னே நின்றன. காரணம் கூறுதல் பொறுத்தல் ஆகாது. அது கொலையே. முன்னோர் காலத்தில் முதியோர் யாவரும் போற்றப்பட்டனர் என்று மேடைதோறும் முழங்குவோர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இப்பின்னணியிலேதான் முதியோர் உதவித்தொகையின் வரலாற்றைக் காண வேண்டும். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1962ஆம் ஆண்டில், ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. 1995இல் நடுவணரசும் முதியோர் உதவித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் அத்தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. பெறுவதற்கு ஆதரவற்றவர் என்று தம்மைத் தாமே எழுதிக்கொடுக்க வேண்டும். மகன் உள்ள தாய்க்கு அது எளிதன்று. எனினும் அஞ்சற்காரர் பணவிடை கொணர்ந்த நாளில் வீட்டுக்குள் பணம் கொண்டுவரும் ஆளாக மூதாட்டி மாறினாள். பேரனுக்குத் தின்பண்டம் வாங்கித் தரும் உரிமை சிறிதன்று. பின்னர் அத்தொகை வங்கிக் கணக்கிற்கு மாறவே, மாதம் ஒருமுறை வெளியே செல்வதற்கு ஒரு காரணமும் கிடைத்தது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்து நூறுநாள் வேலை என வழங்கிய பணியை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். இளைய பெண்களுக்குப் பட்டாசு ஆலை மிகுந்த கூலி தந்தமையால், கண்மாய்க் கரையில் மண் சுமந்தோருள் மூத்த பெண்களே மிகுதி. வேலை நடவாது கதை பேசுகின்றனர் என்று அவர்களைப் பழித்தோர் பலர். பழிப்பினுள்ளே ஓர் உண்மை உண்டு. அதனை வேறுவகையாகப் படித்தல் வேண்டும். ஊர்ப் பொதுவிடத்தில், மர நிழலில், தம் வயதொத்தாரோடு மூதாட்டியர் பகலிலே ஒருங்கே அமர்ந்து பேச ஊர் இசைந்தது. மன்றம் பாழாயிற்று என்று நாம் வருந்திய நாளில், இதுவரை மன்றம் இல்லாதார்க்கு ஒரு மன்றம் உண்டாயிற்று.

2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி செல்லவும், மருத்துவமனைக்குச் செல்லவும், மகளைக் கண்டு மீளவும் எவரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. அருச்சுனா ஆற்றங்கரையிலே பிறந்து, அவ்வாறு வைப்பாற்றோடு கூடுமிடத்தை ஆண்டுக்கு ஒருமுறை வண்டி கட்டிச் சென்று கண்ட பெண்கள், இன்று நினைத்த வெள்ளியன்று செல்லலாம். அதே காலத்தில் ஆடவரின் நிலை வேறு. தீர்ப்புச் சொல்லும் கடமை காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் சென்றது; களங்காவலும் மழைக்குறியும் உழவோடு சுருங்கின. மடத்துத் திண்ணையில் சீட்டாட்டமும் கைப்பேசிப் படமும் எஞ்சின. முதுமை பெண்ணுக்குச் சிறிது வாயிலைத் திறந்தது. ஆடவனுக்கு அவன் இருந்த அவையைக் கலைத்தது.

வேலை நின்ற நாட்களையெல்லாம் ஓய்வெனக் கொள்ளுதல் பிழை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி விதித்த கட்டுப்பாடுகளையடுத்து ஆலைகள் பல சில திங்கள் மூடிக்கிடந்தன. 2020இல் பெருந்தொற்று வந்தது. அக்காலத்தில் மகனும் மருமகளும் பகலெல்லாம் வீட்டில் இருந்தனர். பாட்டி பெற்ற உதவித்தொகை அரிசிக்குச் சென்றது. இன்னொரு துயரும் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் 38 உயிர்களைக் கொண்ட விபத்தினைப்போல, இத்தொழிலின் விபத்துகள் பெற்றோரைக் கொண்டுபோகும்போது பிள்ளைகளை மீண்டும் வளர்க்கத் தொடங்குபவர் முதியோர். அவர்க்குப் பொழுதும் இல்லை, போக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 2011இல் நூற்றுக்கு 10.4, 2021இல் 13.6 எனக் கணித்தனர். இவ்வட்டாரத்தில் இப்பொழுது அறுபதைத் தொடுவோர் யாவர்? 1970களில் விடியுமுன் ஆலை வண்டியில் ஏற்றப்பட்ட அச்சிறுவர் சிறுமியரே. கதை கேட்கும் பருவத்தைப் பசைக் கிண்ணத்தின் முன் கழித்தவர் அவர். கரிசல் நிலத்து முதியோரிடம் கேட்டறிந்த கதைகளைக் கி. ராஜநாராயணன் பெருந்தொகுதிகளாகத் திரட்டித் தந்தார். அவர்க்குக் கதை சொன்ன தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. நல்லதங்காள் கதையை முழுதும் சொல்லுமாறு புதிய முதியோரை வேண்டும் மாணவர் பெரும்பாலும் வெறுங்கையோடு மீள்வர். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ஒரு நாளைக்கு எத்தனைச் சட்டம் அடுக்கினீர்கள், வழியில் தூங்கியவரை எழுப்பியவர் யார் என்று கேட்பாராயின் பொழுது சாயும்வரை அவர்கள் பேசக்கூடும். அப்பேச்சினைத் தொகுக்கும் பணியை நம் துறைகளில் எவரேனும் இப்பொழுதே மேற்கொள்ளல் வேண்டும்; ஆலையில் மருந்துத் தூசியை உண்ட அவ்வுடல்களுக்கு முந்தைய தலைமுறையின் நீண்ட முதுமை வாய்க்குமா என்பது ஐயமே.